மொறிஸ் மைனர் எஞ்சின்: யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அப்பாவோ மாமாவோ வைத்திருந்த மொறிஸ் மைனர் கார், போட்டிக்கோவில் தூசி படிந்து நின்று, பிறகு ஒருநாள் மகனுடைய கைக்கோ மருமகனுடைய கைக்கோ வந்து சேர்வது யாழ்ப்பாணத்தில் இன்றும் நடக்கிற விடயம். அப்படிக் கார் கிடைத்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன், 948 சி.சி. எஞ்சின் உள்ள மைனர் ஒன்றை நீண்ட காலமாக வைத்திருந்து, பிழையாகக் கழற்றி, சரியாகப் பூட்டப் பழகியவன். இந்த எஞ்சினில் வரும் பெரும்பாலான கோளாறுகளுக்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை என்பதும், அளந்து பார்க்காமல் ஹெட்டைக் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகத்தை) கழற்றுவதால்தான் செலவு கூடுகிறது என்பதும் என் அனுபவம்.

எங்கள் காரில் இருப்பது எந்த எஞ்சின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோது, அதில் இருந்தது பக்கவாட்டில் வால்வுகள் அமைந்த 918 சி.சி. எஞ்சின். 1952 முதல், ஒஸ்ரின் நிறுவனம் தனது ஏ-30 காருக்காக ஆக்கிய 803 சி.சி. எஞ்சின் மைனருக்கு வந்தது; ஏ-சீரிஸ் என்று அழைக்கப்படும் குடும்பத்தின் முதல் எஞ்சின் அதுதான். 1956இல் மைனர் 1000 வெளிவந்தபோது அது 948 சி.சி.யாகவும், 1962இல் 1098 சி.சி.யாகவும் பெருத்தது. இங்கே பெரும்பாலும் காணப்படுபவை கடைசி இரண்டும்தான்.

எஞ்சின் இலக்கம், டைனமோவுக்கு மேலே, புளொக்கின் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடலின்) வலப்பக்கத்தில் ஆணியடித்த சிறு தகட்டில் இருக்கும். 803 எஞ்சின்களின் இலக்கம் ‘ஏ.பி.எச்.எம்.’ என்றும், 948 எஞ்சின்களில் பெரும்பாலானவை ‘9எம்’ என்றும், 1098 எஞ்சின்கள் ‘10எம்ஏ’ என்றும் தொடங்கும். ஆனால் எங்கள் ஊரில் இந்தத் தகட்டை மட்டும் நம்ப முடியாது. உதிரிப்பாகம் வராத காலத்தில் இரண்டு மூன்று எஞ்சின்களைச் சேர்த்து ஒன்றாக்கிய கார்கள் பல. தகடு ஒரு எஞ்சினுடையதாகவும் உள்ளே இருக்கும் வளைதண்டு (பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டு) இன்னொன்றினுடையதாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். பிளக் துவாரத்துக்குள் கம்பியை விட்டுப் பிஸ்ரன் ஓட்டத்தை, அதாவது பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரத்தை, அளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்த எஞ்சினில் பிளக்குகள் ஹெட்டின் பக்கவாட்டில் சரிவாக இருப்பதால் அந்த அளவு சரியாக வராது. வேறு ஏதாவது வேலைக்காக ஹெட் கழன்றிருக்கும் வேளையில் வேர்ணியர் கொண்டு அளந்து எழுதி வைத்துக்கொள்வதே உறுதியான வழி.

அளவுகளையும் விபரக்குறிப்புகளையும் ஒரே இடத்தில் சொல்ல முடியுமா?

803 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் ஏறத்தாழ 57.9 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஓட்டம் 76.2 மில்லிமீற்றர். 948இல் ஓட்டம் அதே 76.2, விட்டம் மட்டும் 62.9 ஆகக் கூடியது. 1098இல் விட்டம் 64.6, ஓட்டம் 83.7. மைனரில் 803 எஞ்சின் 30 குதிரைவலுவையும், 948 எஞ்சின் 37 குதிரைவலுவையும், 1098 எஞ்சின் 48 குதிரைவலுவையும் தந்தன. அமுக்க விகிதம் 948இல் 8.3, 1098இல் 8.5, தரம் குறைந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்காக 7.2, 7.5 என்ற தாழ்ந்த விகிதத்திலும் இவை முறையே ஆக்கப்பட்டன.

மூன்றுக்கும் பொதுவானவை இவை: நான்கு சிலிண்டர்கள், மூன்று பிரதான பெயரிங்குகள், புளொக்குக்குள்ளே சங்கிலியால் சுழலும் காம் தண்டு, அதிலிருந்து தள்ளுகம்பிகள் மூலம் இயங்கும் மேல்வால்வுகள். தீப்பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. ரேடியேற்றர் பக்கம் இருப்பது முதலாம் சிலிண்டர். தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் ரோட்டர் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுழலும். பிளக் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு, டிஸ்ரிபியூற்றருக்குள் மின்னோட்டத்தைத் தொடுத்து முறிக்கும் பொயின்ற்றின் இடைவெளி 14 முதல் 16 பங்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 12 பங்கு, அதாவது 0.30 மில்லிமீற்றர். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப் ஏறத்தாழ 3.7 லீற்றர் ஒயில் கொள்ளும். வடிகட்டிக் கிண்ணத்தை மாற்றினால் சற்றுக் கூடும் என்பதால் அளவுக்கம்பியில் பார்த்து நிறுத்துவதே முறை. எங்கள் வெப்பத்துக்கு 20டபிள்யூ-50 ஒயில் பொருத்தமானது.

ஒஸ்ரின் சோமர்செட் காரில் இருப்பதும் இதே எஞ்சின்தானா?

இல்லை. யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களாகப் புகழ்பெற்ற ஏ-40 சோமர்செட்டில் இருப்பது 1200 சி.சி. எஞ்சின், அது வேறு குடும்பம். பெயர் ஏ-40 என்பதால் அது ஏ-சீரிஸ் என்று நினைத்துக் காஸ்கற் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தகடு) வாங்கிப் பணத்தை வீணாக்கியவர்கள் இருக்கிறார்கள். மாறாக, ஒஸ்ரின் ஏ-35, மினி, ஸ்பிறைற் ஆகியவற்றில் உள்ளவை ஏ-சீரிஸ் எஞ்சின்களே. அவற்றின் சிறு பாகங்கள் பல மைனருக்குப் பொருந்தும்.

கார் சூடாகிவிடுகிறது. ரேடியேற்றரை மாற்ற வேண்டுமா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மைனரில் தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் மானி தொழிற்சாலையில் பூட்டப்படவில்லை. ஆவி மணக்கும்போதுதான் பலருக்கு விடயம் தெரியவருகிறது. அதற்குள் ஹெட் வளைந்திருக்கக்கூடும். ஆகவே வேறு எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வெப்பமானியை வாங்கிப் பூட்டுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கோளாறின் வேர் பெரும்பாலும் கிணற்றில் இருக்கிறது. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே எஞ்சினுக்குள்ளும் படிகிறது. ஐம்பது ஆண்டுகள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிய எஞ்சினில், பம்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நான்காம் சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் வழியில் சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து சேறாக இறுகியிருக்கும். புதிய ரேடியேற்றரைப் பூட்டினாலும் அந்தச் சேறு அங்கேயேதான் இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்து புதிய ரேடியேற்றரையும் அடைக்கும்.

புளொக்கின் வலப்பக்கத்தில், பின்புறமாக, தண்ணீரை வடிக்கும் சிறு குழாய் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். தண்ணீர் தடையின்றிப் பாய்ந்தால் நல்லது. ஒன்றும் வராவிட்டால் அந்தக் குழாயை முழுதாகக் கழற்றி, துவாரத்துக்குள் கம்பியை விட்டுக் கிளறி, தண்ணீர் வரும்வரை விடக்கூடாது. பிறகு ரேடியேற்றரைத் தனியாகக் கழற்றித் தலைகீழாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சுண்ணாம்புக்குச் சித்திரிக் அமிலக் கரைசல் போதுமானது. குளியலறை கழுவும் கடும் அமிலங்களை ஊற்றிப் பித்தளைக் குழாய்களைப் பொத்தலாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அதன் பின் மழைநீரையோ வடித்த நீரையோ, துருவைத் தடுக்கும் கூலன்ற் சேர்த்து ஊற்றுங்கள். மாரியில் பீலியிலிருந்து விழும் தண்ணீரை இரண்டு கானில் பிடித்து வைத்தால் ஆண்டு முழுவதற்கும் போதும். தீவகத்து உவர்க்கிணற்றுத் தண்ணீரை அவசரத்துக்குக்கூட ஊற்றாமல் இருப்பது நல்லது.

தண்ணீர் வழி சுத்தமாக இருந்தும் கார் சூடானால், தீப்பொறி நேரம் பிந்தியிருக்கிறதா, கலவையில் பெற்றோல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேற்றர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். றப்பர் காய்ந்த மூடி அதைத் தாங்காது. காற்றாடி எஞ்சினோடு சேர்ந்து சுழல்வதால், நல்லூர்த் திருவிழாக் காலத்து நெரிசலில் மெதுவாக ஊரும்போது காற்று மிகக் குறைவாகவே கிடைக்கும். அந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிடுவது நல்லது.

தேமோஸ்ரற் எங்கள் ஊருக்குத் தேவைதானா? எல்லோரும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

தேவை. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. காண்டாவன வெயிலிலும் எஞ்சினுக்குள் இருக்க வேண்டிய வெப்பம் வெளி வெப்பத்தை விட இரண்டு மடங்குக்கும் அதிகம். அதைக் கழற்றினால் எஞ்சின் உரிய வெப்பத்தை அடைய நெடுநேரமாகும். ஒயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது, சிலிண்டர் தேய்வும் கூடும். 74 பாகை செல்சியசில் திறக்கும் தேமோஸ்ரற் எங்கள் சூழலுக்குப் போதுமானது. அதைப் பூட்டும் வேளையில், பம்பையும் ஹெட்டையும் இணைக்கும் விரலளவு நீளமான பைபாஸ் ஹோஸையும் பாருங்கள். அது வெடித்தால், சாதாரண ஹோஸை உள்ளே நுழைக்க ஹெட்டையோ பம்பையோ கழற்ற வேண்டிவரும். ஆர்மோனியத் துருத்திபோல் சுருங்கி விரியும் ஒருவகை ஹோஸ் கிடைக்கிறது, அதை வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.

ஹெட் காஸ்கற் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். எப்படி உறுதி செய்வது?

கழற்றுவதற்கு முன்னரே உறுதி செய்யலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுதாக மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்க அழுத்தத்தை மானி வைத்துப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்து, முதலாவதும் நான்காவதும் நன்றாக இருந்தால், காஸ்கற் நடுவில் எரிந்திருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இந்த எஞ்சினில் புகை வெளியேற மூன்று வழிகள்தான் உண்டு. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் நடுவழியைப் பகிர்ந்துகொள்வதால் அந்த இடமே அதிகம் சூடாகும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால், அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயிலை விட்டு மறுபடி அளவுங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. ரேடியேற்றரில் குமிழி எழுவதும், ஒயில் மூடியின் உட்புறம் பால்கோப்பி நிறத்தில் நுரை படிவதும் காஸ்கற் போனதன் அறிகுறிகளே. ஆனால் குறுந்தூரம் மட்டும் ஓடும் காரிலும் அந்த நுரை சிறிதளவு படியும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே, படிப்படியாக, 40 இறாத்தல்-அடி அளவுக்கு இறுக்க வேண்டும். வால்வுகளை அழுத்தித் திறக்கும் றொக்கர்களின் தண்டைத் தாங்கும் பீடங்கள் ஹெட் நட்டுகள் சிலவற்றோடு சேர்ந்தே இறுகுவதால், ஹெட்டை இறுக்கிய பின் வால்வு இடைவெளிகளை மறுபடி சரிபார்க்காமல் காரை ஓட்டக்கூடாது. ‘கைக்கணக்கில் இறுக்கினேன்’ என்று சொல்பவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வால்வு இடைவெளியை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும், இந்த எஞ்சினில் அது மிக எளிது. வால்வுகளை முன்னிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். எஞ்சினைக் கையால் சுழற்றும்போது எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருந்தால் முதலாவதைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை, ஐந்தாவது திறந்திருந்தால் நான்காவதை, இப்படி இரண்டினதும் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பதாக வரும். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பீலர் கேஜ் தகடு சற்று இழுபட்டு வருவது சரியான அளவு. றொக்கரின் நுனி குழிந்திருந்தால் தட்டைத் தகடு பொய்யான அளவைக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்று சொல்கிறார்கள். அதனால் இப்போது என்ன பாதிப்பு?

வேறு ஊர்களின் மைனர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் எட்டாத விலைக்குப் போனதால், சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சில துளிகள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவை எங்கள் கார்கள். அந்தப் புகையில் கண் எரிய, பின்னிருக்கையில் ஆறு பேராக இருந்து வைத்தியசாலைக்குப் போனது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது, வயது வந்தவர்கள் அந்தக் கதையைத்தான் மறுபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

தாழ்ந்த அமுக்க விகிதமும் எளிய காபுரேற்றரும் கொண்ட எஞ்சின் என்பதால்தான் இது அந்த நாட்களைத் தாங்கியது. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாமல் எஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கும். அளவுக்கம்பியில் ஒயில் குறைவதற்குப் பதிலாக ஏறும், ஆனால் அது நீர்த்த ஒயில். அதனால் றிங்குகளும் சுவர்களும் பெயரிங்குகளும் சேர்ந்து தேய்ந்தன. ஒக்ரேன் அளவு தாழ்ந்த எரிபொருள் என்பதால் எஞ்சின் தட்டும். தட்டாமல் இருக்கத் தீப்பொறியைப் பிந்தவைத்தார்கள். அப்படிப் பிந்தினால் புகையின் வெப்பம் கூடி வெளியேற்று வால்வுகள் எரியும். ஹெட்டுக்குள் கரி தடித்துப் படிந்தது.

இன்று அப்படிப்பட்ட எஞ்சின் கையில் கிடைத்தால் மூன்று விடயங்களைப் பாருங்கள். முதலாவது, டிஸ்ரிபியூற்றர் இன்னும் மண்ணெண்ணெய்க்கு வைத்த இடத்திலேயே இறுகியிருக்கிறதா என்பது. பெற்றோலுக்கு மாறிய பின்னும் நேரத்தைத் திருத்தாமல் பல ஆண்டுகள் ஓடி, ‘வலு இல்லை’ என்று குறைப்பட்ட கார்கள் உண்டு. இரண்டாவது, அமுக்கத்தைக் குறைப்பதற்காகத் தடித்த காஸ்கற் வைத்திருக்கிறார்களா என்பது. மூன்றாவது, சிலிண்டர் எத்தனை முறை போர் அடிக்கப்பட்டது, அதாவது கடைந்து பெருப்பிக்கப்பட்டது, என்பது. ஹெட் கழன்றால் பிஸ்ரனின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 020 அல்லது 040 என்று பொறித்திருந்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு பெருப்பித்திருக்கிறார்கள் என்று பொருள். மேலும் பெருப்பிக்க இடமில்லாத புளொக்கை எறியத் தேவையில்லை. ஸ்லீவ் (உள்ளுறைக் குழாய்) அடித்து முதல் அளவுக்குக் கொண்டுவரக்கூடிய லேத் பட்டறைகள் இருக்கின்றன.

நீலப் புகை வருகிறது. றிங் மாற்ற வேண்டுமா?

புகை எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். ரயில் கடவையில் எஞ்சினை ஓடவிட்டு நின்றுவிட்டு, கதவு திறந்து புறப்படும்போது ஒரு பொதிப் புகை வந்து பிறகு நின்றால், வால்வு வழிகாட்டிகளின் ஊடாக ஒயில் இறங்குகிறது. ஹெட் வேலை மட்டும் போதும். வேகமெடுத்து ஓடும்போது விடாமல் புகைத்தால் றிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், தேவையில்லாத எஞ்சின் வேலைக்குப் பணம் கட்டியவர்கள் பலர்.

கார் நிற்கும் இடத்தில் ஒயில் சொட்டுகிறது. நிறுத்த முடியுமா?

முழுதாக நிறுத்த முடியாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வளைதண்டின் பின்முனையில் இந்த எஞ்சினுக்கு றப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுபோன்ற தவாளிப்பு, சுழலும்போது ஒயிலை உள்ளே தள்ளும். எஞ்சின் நின்றதும் சில துளிகள் கசிந்து, கிளச் கூட்டின் அடியிலுள்ள சிறு துவாரத்தால் விழும். அந்தத் துவாரத்தில் ஆடும் பின் ஒன்று இருக்கும். அது துவாரம் அடைபடாமல் இருப்பதற்காகப் போட்டது. ஒயில் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிட்டால், ஒயில் கிளச்சுக்குப் போகும்.

துளிகள் போய்த் தாரையாக வழிந்தால் அது வேறு. றிங் தேய்ந்து சம்ப்புக்குள் அழுத்தம் ஏறும்போதும், மூச்சுக்குழாய் அடைபடும்போதும் ஒயில் எல்லா வழிகளாலும் வெளியே வரும். முதலில் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு றொக்கர் மூடியின் தக்கைக் காஸ்கற், புளொக்கின் பக்கவாட்டிலுள்ள இரண்டு மூடிகள், முன்னாலுள்ள சங்கிலி மூடியின் சீல் ஆகியவற்றைப் பாருங்கள்.

எஞ்சின் சூடானதும் ஒயில் விளக்கு மினுங்குகிறது. ஆபத்தா?

சூடான நல்ல எஞ்சினில், ஓடும்போது ஒயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தலும், சும்மா நிற்கும்போது 15 இறாத்தலும் இருக்கும். நிற்கும்போது மட்டும் விளக்கு மெல்ல மினுங்கி, சற்று வேகம் கொடுத்ததும் அணைந்தால், ஒயிலை மாற்றி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் சுருளையும் பார்த்துவிட்டு, மானி ஒன்றைப் பூட்டி அளவுங்கள். ஓடும்போதும் விளக்கு எரிந்தாலோ, அடியிலிருந்து கனமான தட்டல் கேட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 803 எஞ்சின்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: 948இல்தான் ஈயமும் இண்டியம் என்ற உலோகமும் சேர்ந்த வலுவான பெயரிங்குகளும், ஒயில் முழுவதையும் வடிக்கும் வடிகட்டியும் வந்தன. 803இல் ஒயிலின் ஒரு பகுதி மட்டுமே வடிகட்டப்படுகிறது.

92 பெற்றோல் போதுமா? ஈயம் இல்லாத பெற்றோல் வால்வைக் கெடுக்குமா?

பெரும்பாலும் 92 போதும். மேட்டில்லாத எங்கள் வீதிகளில் எஞ்சினுக்குப் பெரிய சுமை வருவதில்லை. சில்லுச் சில்லு என்று தட்டும் ஓசை கேட்டால் தீப்பொறி நேரத்தைச் சற்றுப் பிந்தவையுங்கள். அதிலும் நிற்காவிட்டால் ஹெட்டில் கரி படிந்திருக்கலாம், அல்லது ஹெட்டை அளவுக்கு மீறிச் சீவியிருப்பார்கள். அந்த எஞ்சினுக்கு 95 ஊற்றுங்கள்.

ஈயம், வெளியேற்று வால்வின் இருக்கை தேயாமல் காத்தது உண்மை. அது இல்லாதபோது, நெடுநேரம் உயர் வேகத்தில் ஓடினால் வால்வு இருக்கைக்குள் மெல்லப் புதையும். அப்போது வால்வு இடைவெளி தானாகக் குறையும். பருத்தித்துறைக்கும் சுன்னாகத்துக்கும் மணிக்கு 50 கிலோமீற்றரில் போய்வரும் காருக்கு இது பெரிய பிரச்சினையல்ல. ஏ-9 வீதியால் அடிக்கடி கொழும்புக்குப் போகிறவர், அடுத்த முறை ஹெட் கழலும்போது கடினமான உருக்கு இருக்கைகளைப் பதிப்பித்துக்கொள்ளலாம். அதற்காகவே ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை.

காபுரேற்றரை எப்படிச் சரிசெய்வது? பெற்றோல் பம்ப் விடாமல் துடிக்கிறதே?

எஸ்.யூ. காபுரேற்றருக்கு ஒரே ஒரு ஜெற்தான். எஞ்சின் சூடாக ஓடும்போது உள்ளேயுள்ள பிஸ்ரனை மிகச் சிறிதளவு, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக, உயர்த்திப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூடிவிட்டது. எஞ்சின் திணறி நின்றால் குறைந்துவிட்டது. ஒரு கணம் ஏறித் திரும்ப இறங்கினால் சரியாக இருக்கிறது. ஜெற்றின் அடியிலுள்ள நட்டை ஒரு முகம் ஒரு முகமாக மட்டும் திருப்புங்கள். பிஸ்ரனை விட்டால் ‘டொக்’ என்று விழ வேண்டும், விழாவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோளகக் காற்றுக் காலத்துப் புழுதி இதற்கு முக்கிய காரணம், காற்று வடிகட்டியை அந்த மாதங்களில் அடிக்கடி பாருங்கள். மேலுள்ள சிறு குழாயில் ஒயில் இல்லாவிட்டால் வேகமெடுக்கும்போது எஞ்சின் விக்கும்.

மைனரில் மின்பம்ப் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் சில முறை துடித்து நிற்க வேண்டும். நிற்காமல் துடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கேயோ காற்று இழுக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது இடையிடையே துடித்தால் காபுரேற்றரின் மிதவை ஊசி கசிகிறது. துடிக்கவே இல்லையென்றால் அதன் பொயின்றுகள் கருகியிருக்கும். ஸ்பானரின் பிடியால் மெல்லத் தட்டினால் ஓடத் தொடங்கும், வீடு வந்து சேரலாம்.

மாரிகாலத்தில் காலையில் ஸ்ராட் ஆவதில்லை.

வாடைக்காற்றோடு வரும் ஈரம் டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் படிகிறது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, மயிரிழைபோன்ற வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பொயின்றுகள் மீண்டும் மீண்டும் கருகினால் குற்றம் கொண்டென்சரில் இருக்கும். கைப்பிடியால் சுழற்றி ஸ்ராட் செய்கிறவர்கள் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும்.

புதிய பற்றரி போட்ட அன்றே ரேடியோ எரிந்துவிட்டது. ஏன்?

மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைகிறது. 1971இல் கடைசியாக வந்த கார்கள் வரை அப்படியே. இன்றைய கார்களில் எதிர்முனை இணைகிறது. பற்றரியை மாற்றிப் பூட்டினால் எஞ்சின் ஓடும், ஆனால் புதிய மின்னணுப் பொருட்கள் எரியும், கொயிலில் தீப்பொறி வலுக்குறையும். யாரோ முன்னர் முனைகளை மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே பழைய பற்றரியைக் கழற்றும் முன், எந்த முனையின் வயர் உடலுக்குப் போகிறது என்று பார்த்து, பெயின்ற்றால் அடையாளம் வையுங்கள்.

பத்து ஆண்டுகள் நின்ற காரை எப்படி ஸ்ராட் செய்வது?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் முதல்நாளே பற்றரி வாங்கிச் சாவியைத் திருப்புகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு கரண்டி மெல்லிய ஒயிலை விட்டு, இரண்டு நாட்கள் விடுங்கள். பிறகு கையால் சுழற்றுங்கள். இறுகியிருந்தால் பலம் காட்ட வேண்டாம். மேலும் ஒயில் விட்டுப் பொறுத்திருங்கள். தாங்கியிலுள்ள பழைய பெற்றோலை முழுதாக வடித்து, சம்ப் ஒயிலை மாற்றி, றொக்கர் மூடியைக் கழற்றி எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். வழிகாட்டியில் துருவேறி ஒட்டிய வால்வு தள்ளுகம்பியை வளைத்துவிடும். பிளக்குகள் இல்லாமலேயே ஸ்ராட்டரைச் சுழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். அதன் பிறகுதான் பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருப்ப வேண்டும்.

மில்லிமீற்றர் ஸ்பானர்கள் பொருந்துமா?

சில பொருந்துவதுபோல் இருக்கும், பிறகு நட்டின் மூலைகளை உருட்டிவிடும். இந்த எஞ்சின் நட்டுகள் அங்குல அளவிலானவை. 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று ஸ்பானர்களும் அவற்றுக்கான பொக்ஸ்களும் இருந்தால் இங்கே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.